எத்தனை தூரம் என்பதன்று கேள்வி

நுழையும் முன்

பன்னிரண்டாம் வகுப்பு முடியும் காலத்தில், மேற்படிப்புக்கு எங்கே செல்வது என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் எழுகிறது. சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் குடும்பங்களில் இக்கேள்வி இன்னும் கடினமானது. உடலியக்கத்தை மீட்டுத் தரும் மருத்துவப் படிப்புகளை முன்வைத்து, அக்கேள்விக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

ஒரு வீட்டில் எழுந்த வாதம்

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். தந்தை பணியின் பொருட்டுத் தென்காசிப் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர். மகள் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பயிலும் அவளுக்கு இயன்முறை மருத்துவம் படிக்க வேண்டும் என்பது விருப்பம்.

அவ்விருப்பம் ஒரு கோடை விடுமுறையில் முளைத்தது. ஊரில் இருக்கும் ஆச்சிக்குப் பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்திருந்தது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ், இயன்முறை மருத்துவர் ஒருவர் வீடு தேடி வந்து பயிற்சி அளித்தார். கையை மேலே தூக்கும்படி அவர் சொன்னபோது ஆச்சி வெறுமனே கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் சற்றே யோசித்தார். மூலையில் இருந்த சொளகை எடுத்து ஆச்சியின் இரு கைகளிலும் பிடிக்கச் செய்தார். முறத்தை நெல்லை வட்டாரத்தில் சொளகு என்பார்கள். "அரிசி புடைப்பீங்கள்லா ஆச்சி, அதை நெனச்சுக்கிட்டுத் தூக்குங்க" என்றார். நலமாக இருந்த இடக்கை முன்செல்ல, வலக்கையும் அதனோடு சிறிது எழுந்தது. நாற்பது ஆண்டுக்காலம் பழகிய வேலையை அந்தக் கை முற்றிலும் மறந்துவிடவில்லை. அதை நினைவூட்டும் சொல்லை மருத்துவர் அறிந்திருந்தார். பேத்தி அருகில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. தில்லியிலேயே படித்தால் வீட்டிலிருந்து சென்று வரலாம் என்கிறார் தாய். வேலூரோ சென்னையோ ஆனால் நம் ஊர்ப்பக்கம் என்கிறார் தந்தை. ஒடிசாவில் உள்ள தேசிய நிறுவனத்திற்கும் விண்ணப்பிக்கலாம் என்கிறார் பள்ளி ஆசிரியர். புதுதில்லியிலிருந்து சென்னைக்குத் தொடர்வண்டிப் பாதையில் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். சொந்த ஊர் என்று வீட்டில் சொல்லப்படும் இடம் அவளுக்கு இரண்டு இரவுப் பயணத் தொலைவில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் வாழும் இடமோ சொந்த ஊர் என்று சொல்லப்படுவதில்லை. அப்படியானால் எதிலிருந்து எது தொலைவு? புலம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் பலரும் ஒருநாள் இக்கேள்வியின்முன் நிற்கிறார்கள்.

இரண்டு படிப்புகள்

விடை தேடுமுன் படிப்புகளைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நல்லது. பிசியோதெரபி என்று பலரும் அறிந்த படிப்பே இயன்முறை மருத்துவம். எலும்பு முறிவு, பக்கவாதம், முதுகுத்தண்டுக் காயம், மூச்சுக் கோளாறு போன்றவற்றால் குன்றிய உடலியக்கத்தை உடற்பயிற்சி, தொடுமுறை, வெப்பம், மின்தூண்டல் முதலியவற்றால் மீட்பது அதன் பணி. ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்முறை மருத்துவம் இன்னொரு பக்கத்திலிருந்து தொடங்குகிறது. உண்ணுதல், உடுத்துதல், எழுதுதல், சமைத்தல், விளையாடுதல் ஆகிய அன்றாடச் செயல்களை ஒருவர் மீண்டும் தாமே செய்துகொள்ள வழிகாண்பது அது. காலுக்கு வலிமை கூட்டி நடக்க வைப்பவர் முன்னவர். நடக்க இயலாதவரும் தம் சமையலறையில் தாமே காப்பி கலந்துகொள்ள வழிசெய்பவர் பின்னவர். நடைமுறையில் இருவரும் ஒரே நோயாளியின் இருபுறமும் நின்று பணியாற்றுகிறார்கள்.

இரண்டிலும் இளநிலைப் பட்டப்படிப்பு உண்டு. நான்கு ஆண்டுப் பாடமும் அதனைத் தொடர்ந்து மருத்துவமனையில் பெறும் உள்ளகப் பயிற்சியும் சேர்ந்ததே பட்டம். 2021-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய துணைமருத்துவ, நலவாழ்வுத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இவ்விரு தொழில்களையும் ஒழுங்குபடுத்துகிறது. இத்துறையினரின் தேவை பெரிது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். விபத்துக்கும் முதுமைக்கும் பின் தற்காலிகமாக இயக்கம் குன்றியவர்கள் இக்கணக்கில் முழுமையாக அடங்குவதில்லை.

தொலைவு கடந்தோர் வளர்த்த துறை

இந்தியாவில் இத்துறை வளர்ந்த வரலாற்றைப் பார்த்தால், அதில் நெடுந்தொலைவு பயணம் செய்தவர்களின் தடங்கள் பல தென்படுகின்றன.

கமலா நிம்ப்கர் அமெரிக்காவில் பிறந்தவர். எலிசபெத் லண்டி என்பது அவருடைய இயற்பெயர். இந்தியரை மணந்து இந்தியாவைத் தம் நாடாக்கிக்கொண்டார். பின்னர் அமெரிக்கா சென்று செயல்முறை மருத்துவம் பயின்று திரும்பினார். 1950-இல் மும்பையில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில் இந்தியாவின் முதல் செயல்முறை மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். 1952-இல் செயல்முறை மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது, அதைத் தோற்றுவித்த பத்து நாடுகளுள் இந்தியாவும் ஒன்றாக இருந்தது. அக்காலத்தில் மும்பையில் இளம்பிள்ளைவாதம் பெருமளவில் பரவியது. அதன் விளைவாக, உலக நலவாழ்வு அமைப்பின் துணையோடு 1953-இல் அதே மருத்துவமனையில் இயன்முறை மருத்துவப் பள்ளியும் அமைந்தது. எங்கே நோயாளிகள் இருந்தார்களோ அங்கே பள்ளி எழுந்தது என்பது இங்கே கருதத்தக்கது.

வேலூரிலும் இத்தகைய வரலாறு ஒன்று உண்டு. கொல்லிமலையில் பிறந்து, ஒன்பது வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட பால் பிராண்ட், அறுவை மருத்துவராக 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் மீண்டும் இயங்கச் செய்யும் முறைகளை வகுத்தார். அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் மேரி வர்கீஸ். கேரளத்தின் செராயிலிருந்து வேலூருக்கு வந்து மருத்துவம் படித்தவர். 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் அவருடைய இரு கால்களும் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அவர் அறுவை செய்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று தாம் மறுவாழ்வுச் சிகிச்சை பெற்றார். பின்னர் நியூயார்க் சென்று அச்சிகிச்சையைப் பிறருக்கு அளிக்கும் கல்வியைப் பெற்றார். வேலூருக்கே திரும்பி, மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமையேற்றார். 1966-இல் அங்கு மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இவர்கள் எவரும் தொலைவை நாடித் தொலைவுக்குச் செல்லவில்லை. கற்க வேண்டியது தம் ஊரில் இல்லாதபோது அது இருக்கும் இடத்திற்குச் சென்றார்கள். கற்றதைத் தேவைப்படுவோர் இருக்கும் இடத்திற்குக் கொண்டுவந்தார்கள். கல்லூரி தேடும் மாணவர் இவ்விரண்டையும் மனத்திற்கொள்ள வேண்டும். அக்கரைக்கு இக்கரை பச்சை என்று எண்ணிப் புறப்படுவதற்கும், அக்கரையில் உள்ளது இன்னதென்று அறிந்து புறப்படுவதற்கும் வேறுபாடு மிகுதி.

நோயாளியே பாடநூல்

ஆகவே, கல்லூரி எவ்வளவு தூரம் என்பதை முதலில் கேட்பது பொருந்தாது. அங்கே நோயாளிகள் இருக்கிறார்களா என்பதே முதற்கேள்வி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழி இப்படிப்புகளுக்கு மிகவும் பொருந்தும். தளர்ந்துபோன தசைக்கும் இறுகிப்போன தசைக்கும் உள்ள வேற்றுமையைப் புத்தகம் சொல்லும். விரல் நுனிதான் அறியும். ஒரு முழங்காலை எவ்வளவு வளைக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் பல முழங்கால்களைத் தொட்டவரே உணர்வார். மருத்துவமனையோடு இணையாத கல்லூரி, குளமில்லாத ஊரில் நடக்கும் நீச்சல் வகுப்பைப் போன்றது.

தேர்ந்தெடுப்போர் கேட்டறிய வேண்டியவை சில உண்டு. கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அன்றிப் பயிற்சிக்காக வேறிடம் செல்ல வேண்டுமா? பக்கவாதம், முதுகுத்தண்டுக் காயம், குழந்தைகளின் பெருமூளைவாதம், தீக்காயம், தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகிய எல்லாவற்றிலும் மாணவர்களுக்குப் பயிற்சி கிடைக்கிறதா? எந்த ஆண்டிலிருந்து நோயாளிகளைத் தொட அனுமதிக்கிறார்கள்? உள்ளகப் பயிற்சி எங்கே நடைபெறுகிறது? பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகம் எது, படிப்புக்கு உரிய ஏற்பு உண்டா? இவற்றுக்கு விடையளிக்கத் தகுந்தவர்கள் அங்கே இறுதியாண்டில் பயிலும் மாணவர்களே. விளம்பரத்தாளில் கட்டடத்தின் படம்தான் இருக்கும்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டால், தேர்வுக்குரிய இடங்கள் நாடெங்கும் பரவியிருப்பது தெரியும். நடுவண் அரசின்கீழ் இயங்கும் தேசிய நிறுவனங்கள் மாற்றுத்திறனாளிகளுக்குச் சிகிச்சையும் மாணவர்களுக்குக் கல்வியும் ஒருங்கே தருகின்றன. புதுதில்லியில் பண்டித தீனதயாள் உபாத்யாயா பெயரிலும், ஒடிசாவில் கட்டாக்குக்கு அருகே ஓலட்பூரில் சுவாமி விவேகானந்தர் பெயரிலும் அமைந்தவை அவற்றுள் சில. கொல்கத்தாவில் இயக்கக் குறைபாடு உடையோருக்கான நிறுவனமும், சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான நிறுவனமும் உள்ளன. வேலூரில் இரு படிப்புகளும் பெரிய மருத்துவமனையின் நிழலிலேயே நடைபெறுகின்றன. தில்லி மாணவிக்கு வீட்டருகிலேயே நல்ல இடம் கிடைத்தால், அதை விட்டுவிட்டுத் தொலைவுக்குச் செல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கிடைக்காவிட்டால், தொலைவைக் காரணம் காட்டித் தகுதி குறைந்த இடத்தில் சேர வேண்டிய கட்டாயமும் இல்லை.

நோயாளியின் மொழி

இரண்டாவதாக எண்ண வேண்டியது மொழி. வேறு பல படிப்புகளுக்கு இது அவ்வளவு முதன்மையானதன்று. இயந்திரத்திற்கு மொழி தேவையில்லை. நிரலுக்கு எல்லா நாட்டிலும் ஒரே மொழி. உடலியக்கத்தை மீட்பவருக்கோ சொல்லே பாதிச் சிகிச்சை.

பால் பிராண்டின் அறுவைக்குப் பின் நடப்பதை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். கட்டைவிரலை இயக்கும் தசை செயலிழந்தால், மோதிரவிரலை மடக்கும் தசைநாண்களுள் ஒன்றைக் கட்டைவிரலோடு இணைப்பதுண்டு. அறுவை முடிந்ததும் கட்டைவிரல் தானே இயங்கிவிடாது. "மோதிரவிரலை மடக்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள்" என்று இயன்முறை மருத்துவர் சொல்கிறார். நோயாளி அவ்வாறே எண்ணுகிறார், அசைவதோ கட்டைவிரல். மூளை புதிய பாதையைப் பழகும்வரை நாள்தோறும் இப்பயிற்சி தொடர்கிறது. நோயாளிக்குப் புரியாத மொழியில் இந்த ஒரு தொடரைச் சொன்னால், அறுவை மருத்துவரின் உழைப்பெல்லாம் வீணாகும்.

வலியைச் சொல்லும் சொற்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ் பேசும் நோயாளி வலிக்கிறது என்று மட்டும் சொல்வதில்லை. குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, இழுக்கிறது, எரிகிறது, மதமதவென்று இருக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது என்று பிரித்துச் சொல்கிறார். பிடிப்பு என்பது வேறு, சுளுக்கு என்பது வேறு, மரத்துப்போதல் என்பது வேறு. மதமதப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் தேர்ந்த மருத்துவர் நரம்பைப் பற்றிய ஐயத்தோடு சோதிக்கத் தொடங்குவார். எல்லாவற்றையும் வலி என்ற ஒரே சொல்லாகக் கேட்பவர் அந்தக் குறிப்பைத் தவறவிடுவார். இச்சொற்களெல்லாம் அகராதியைவிடப் பாட்டிமார் பேச்சில்தான் மிகுதியாகக் கிடைக்கும்.

செயல்முறை மருத்துவத்தில் மொழியோடு வாழ்க்கைமுறையும் சேர்ந்துகொள்கிறது. சோற்றைப் பிசைந்து உண்பதற்கு ஐந்து விரல்களும் கூட வேண்டும். சப்பாத்தியைப் பிய்ப்பதற்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வலுவோடு பற்ற வேண்டும். ஒரு வீட்டில் கோலம் இடக் குனிய வேண்டும். மற்றொரு வீட்டில் மாவு பிசையத் தோளை ஊன்ற வேண்டும். நோயாளி எந்தச் செயலை இழந்து வருந்துகிறார் என்பதை அறியாதவர் அதை மீட்டுத் தர இயலாது.

புலம்பெயர்ந்தோர் பிள்ளைகள் தாம் உணராத ஒரு செல்வத்தை வைத்திருப்பது இவ்விடத்தில்தான் தெரிகிறது. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி என வளர்வதை அவர்களுள் பலர் குறையாக எண்ணுகிறார்கள். தில்லியில் மதராசி என்றும், ஊருக்குச் சென்றால் தில்லிக்காரப் பிள்ளை என்றும் அழைக்கப்பட்டு, இரண்டிலும் ஒட்டாதவராகத் தம்மைக் கருதுகிறார்கள். நோயாளியின் கட்டிலருகே அந்நிலை தலைகீழாகிறது. வேலூருக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஏராளமானோர் சிகிச்சைக்காக வருகிறார்கள். சென்னையிலும் திருப்பூரிலும் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர் பலர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்த தொழிலாளி ஒருவர், தமிழ் மட்டுமே ஒலிக்கும் கூடத்தில் படுத்திருக்கிறார். அவர் அருகே வந்து இந்தியில் பேசும் மாணவி அவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! அதே மாணவி அடுத்த கட்டிலில் இருக்கும் ஆச்சியிடம் சொளகைப் பற்றியும் பேச வல்லவள். இரண்டு ஊருக்கும் உரியவளாக வளர்ந்ததுதான் அவளுக்கு இந்த வன்மையைத் தந்தது.

ஒடிசாவுக்குச் செல்பவருக்கு ஒடியா மொழி புதிது. அதனை அஞ்சித் தவிர்க்க வேண்டியதில்லை. உடலுறுப்புகளின் பெயர்கள், எண்கள், வலியைக் குறிக்கும் சொற்கள், முறைப்பெயர்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். ஆறு மாதம் நோயாளிகளிடையே பழகினால் பேச்சு வந்துவிடும். ஆயினும், கற்கும் மனமின்றி மொழி தெரியாத இடத்திற்குச் செல்பவர் பாதிப் படிப்பை இழப்பார்.

அஞ்சத் தக்கவை

தொலைவுக்குச் செல்வதில் இடர்களே இல்லை என்று சொல்வது பொய்யாகும். விடுதிச் செலவும் பயணச் செலவும் சேரும்போது கட்டணத்தைவிடச் சுமை பெரிதாகலாம். சேரும்போது கேட்கும் தொகையை மட்டும் பாராமல், உள்ளகப் பயிற்சி முடியும்வரை ஆகும் மொத்தச் செலவைக் கணக்கிட வேண்டும். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டா என்பதையும் கேட்க வேண்டும்.

புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. பல மாநிலங்களில் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு இருப்பிட விதிகள் உள்ளன. பெற்றோரின் மாநிலத்தில் பயிலாததால் அங்கும், வாழும் மாநிலத்திற்கு உரியவராக ஏற்கப்படாததால் இங்கும் வாய்ப்பை இழக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தேவையான சான்றிதழ்களைப் பதினொன்றாம் வகுப்பிலேயே விசாரித்துப் பெற்று வைப்பது அறிவுடைமை. சேர்க்கை விதிகளும் நுழைவுத்தேர்வுகளும் மாறிக்கொண்டே இருப்பதால், முந்தைய ஆண்டில் சேர்ந்தவர் சொல்லை மட்டும் நம்பாமல் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தனிமை இருக்கிறது. நாள் முழுவதும் பிறர் வலியோடு இருந்துவிட்டு அறைக்குத் திரும்பும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு, சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு குரல் வேண்டும். தாய் வீட்டருகே இருக்கும் கல்லூரியை விரும்புவதற்கு அதுவே காரணம். அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது முறையாகாது. சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும். பிறர் உடலைப் பேணக் கற்பவர் தம் உடலையும் மனத்தையும் முதலில் பேண வேண்டும். விடுதி பாதுகாப்பானதா, நோயுற்றால் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள், மூத்த மாணவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்ற தாயின் வினாக்கள், மருத்துவமனையைப் பற்றிய வினாக்களுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. அவற்றுக்கு மனநிறைவான விடை கிடைக்காத இடத்தை விட்டுவிடுவதில் இழுக்கில்லை.

முடிவாக

முதலில் நோயாளிகள், அடுத்து மொழி, பின்னர் செலவும் பாதுகாப்பும், அனைத்துக்கும் கடைசியில் கிலோமீட்டர். கல்லூரியைத் தேர்வதற்கு இந்த வரிசையே தக்கது. தில்லி வீட்டில் தாய், தந்தை, ஆசிரியர் மூவரும் இடத்தின் பெயரைச் சொல்லித் தொடங்கினார்கள். கேள்விகளிலிருந்து தொடங்கியிருந்தால் வாதம் பாதியாகக் குறைந்திருக்கும். ஏனெனில் மூவரும் விரும்புவது ஒன்றுதான்: அவள் நன்கு கற்ற கைகளோடு வெளியே வர வேண்டும்.

அவள் எங்கே சேர்ந்தாலும், என்றோ ஒருநாள் முதன்முறையாக ஒரு நோயாளியின் தளர்ந்த கையைப் பற்றுவாள். அந்தக் கை எந்த வேலையைச் செய்து பழகியது, அவ்வேலைக்கு அவர்கள் ஊரில் என்ன பெயர் என்று அவள் கேட்க வேண்டியிருக்கும். ஆச்சியின் வீட்டுத் திண்ணையில் அவள் கற்ற முதற்பாடம் அதுவே. அப்பாடத்தை மறவாதவரை, எந்தக் கல்லூரியும் அவளுக்குத் தொலைவில் இல்லை.

சிந்தித்து எழுதுக

1. கையைத் தூக்கச் சொன்னபோது இயலாத ஆச்சிக்கு, சொளகைப் பிடித்தபோது இயன்றது எதனால்?

2. கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில் தொலைவைக் கடைசியில் வைக்கிறது கட்டுரை. இக்கருத்தை ஏற்கிறீர்களா? காரணங்களோடு எழுதுக.

3. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வலியைக் குறிக்கப் பயன்படுத்தும் சொற்களைக் கேட்டுத் தொகுக்க. நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில் அவற்றுக்கு இணையான சொற்கள் உள்ளனவா என்று ஆராய்க.

4. இரு மொழிச் சூழலில் வளர்வதால் உங்களுக்குக் கிடைத்த நன்மை ஒன்றையும் நேர்ந்த இடர் ஒன்றையும் பத்து வரிகளில் எழுதுக.